பழைய பிக்கப் டிரக்கில் பாடி கன்ட்ரோல் மாட்யூல் மாற்றுதல்: சோதனையிலிருந்து சாவிப் பதிவு வரை

கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியவில்லை. வைப்பர் தானாக ஓடுகிறது. இரவு நிறுத்திய வண்டி காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது. இப்படிச் சம்பந்தமில்லாத கோளாறுகள் ஒன்றாகக் கிளம்பினால் சந்தேகம் முதலில், விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு போன்றவற்றை இயக்கும் மின்னணுப் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூல் மேல்தான் விழும். ஆனால் பல வண்டிகளில் மாட்யூல் நன்றாகவே இருக்கும். அதற்கு வரும் மின்சாரம், எர்த், கூரை வழியாக இறங்கிய தண்ணீர், வெளியே போகும் ஒயரில் ஒரு ஷார்ட், இவற்றில் ஏதோ ஒன்றுதான் கோளாறுக்குக் காரணமாக இருக்கும். அதைப் பிடிக்காமல் புது மாட்யூலை மாட்டினால் அதுவும் அதே வழியில் போய்ச்சேரும். அதனால்தான் இங்கே கழற்றி மாட்டுவதைவிடச் சோதனைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இங்கே சொல்வது 12 வோல்ட் பிக்கப் டிரக்குகளுக்கு, அதாவது ஸ்கேனரை மாட்டும் 16 பின் ஓபிடி சாக்கெட் வந்த 1996 முதல் ஏறக்குறைய 2010 வரையிலான வண்டிகளுக்கு. 24 வோல்ட் கனரக லாரிகளுக்கு அளவுகள் மாறும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாடி மாட்யூலையும், என்ஜினையும் கியர்பாக்ஸையும் பார்த்துக்கொள்ளும் மாட்யூலையும் வாயால் சொன்னால் இரண்டும் (BCM, PCM) ‘பிசிஎம்’ என்றே காதில் விழும். உதிரிபாகம் கேட்கும்போது முழுப்பெயரையும் பாக எண்ணையும் எழுதிக் கொடுங்கள். தவறான பெட்டி வந்து சேருவதற்கு இந்த ஓரெழுத்துக் குழப்பமே போதும்.

முதலில் பேட்டரி

அரை மணி நேரமாவது ஓய்வில் இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். அந்தச் சரிவில் மாட்யூல்கள் ரீசெட் ஆகி, இல்லாத கோளாறுகளையெல்லாம் பதிவு செய்துவிடும். பேட்டரியைச் சரிசெய்து, பதிவான கோடுகளை (கோளாறு எண்களை) அழித்து, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்த பிறகு மீண்டும் வருபவை மட்டுமே நம்பத் தகுந்தவை.

ஸ்கேனரை மாட்டி எல்லா மாட்யூல்களையும் படியுங்கள், என்ஜினை மட்டும் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். கேன் நெட்வொர்க் (மாட்யூல்கள் இரண்டு ஒயர் வழியாகத் தமக்குள் பேசும் முறை) உள்ள வண்டியில் மற்ற மாட்யூல்கள் யூ0140 கோடு காட்டினால், பாடி மாட்யூலோடு தொடர்பு போய்விட்டது என்று பொருள். தொடர்பு போனது என்பதைத் தாண்டி அந்தக் கோடு எதையும் சொல்வதில்லை. மாட்யூல் செத்திருக்கலாம், அதன் ஃபியூஸ் போயிருக்கலாம், எர்த் துருப்பிடித்திருக்கலாம்.

மல்டிமீட்டர் சொல்லும் 12 வோல்ட்டை நம்ப வேண்டாம்

பாடி மாட்யூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மின்வரத்து உண்டு. எப்போதும் இருக்கும் பேட்டரி மின்சாரம், சாவி போட்டால் வருவது, சில வண்டிகளில் ஆக்சஸரி நிலைக்குத் தனியாக ஒன்று. எர்த்தும் இரண்டு மூன்று இருக்கும். வண்டியின் ஒயரிங் வரைபடத்தில் எந்த கனெக்டரில் எந்த பின் என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் மீட்டரைத் தொட வேண்டும்.

பலரும் தவறுவது இங்கேதான். கனெக்டரைக் கழற்றி, மின்வரத்து பின்னில் மீட்டரை வைத்தால் 12.5 வோல்ட் காட்டும், ‘கரண்ட் வருகிறது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் தன் வழியாகக் கிட்டத்தட்ட மின்சாரமே எடுப்பதில்லை. உள்ளே ஏழு இழைகளில் ஆறு அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். சுமை ஏறினால்தான் குட்டு வெளிப்படும்.

ஆகவே 21 வாட் இன்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து, மாட்யூல் இருந்த இடத்தில் ஒரு முனையை மின்வரத்து பின்னிலும் மறுமுனையை எர்த் பின்னிலும் கொடுங்கள். அது சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். எரியும்போதே மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் சிவப்பு முனையை எர்த் பின்னிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. 0.5, 1 என்று ஏறினால் கோளாறு மாட்யூலில் இல்லை, எர்த்தில் இருக்கிறது. அதேபோல பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் மின்வரத்து பின்னுக்கும் இடையே பாருங்கள். அங்கே 0.3 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். எல்லா மின்வரத்துக்கும் எல்லா எர்த்துக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும்.

இரண்டு கவனம். மீட்டர் முனையையோ தடித்த ஊசியையோ பெண் பின்னுக்குள் திணிக்காதீர்கள். அது ஒருமுறை விரிந்தால் பிறகு லூஸ் கனெக்ஷன்தான். அதே அளவுள்ள ஆண் பின்னைப் பயன்படுத்துங்கள், அல்லது கனெக்டரின் பின்பக்கமிருந்து மெல்லிய ஊசியால் தொடுங்கள். அடுத்தது, பல்பு சோதனை ஃபியூஸ் வழியாக வரும் மின்வரத்துக்கு மட்டும். சிக்னல் ஒயரிலோ நெட்வொர்க் ஒயரிலோ பல்பைக் கொடுத்தால் மறுமுனையில் உள்ள நல்ல மாட்யூலையும் கொன்றுவிடுவீர்கள்.

நெட்வொர்க்

ஓபிடி சாக்கெட்டில் 16ஆம் பின் பேட்டரி மின்சாரம், 4, 5 இரண்டும் எர்த். கேன் வண்டியில் 6, 14. பேட்டரியைக் கழற்றிவிட்டு இந்த இரண்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாக இருப்பதால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியத்தை நெருங்கினால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டன.

கேன் வராத பழைய ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) டிரக்குகளில் 2ஆம் பின்னில் ஒரே ஒயரில் ஓடும் ஜே1850 நெட்வொர்க். அங்கே 60 ஓம் கணக்கு செல்லாது. பேச்சு இல்லாதபோது பூஜ்ஜியமும் பேசும்போது ஏறக்குறைய 7 வோல்ட்டும் அதில் மாறி மாறி வரும். மல்டிமீட்டரில் எண் நடுங்கிக்கொண்டே இருக்கும். சாவி போட்டும் பூஜ்ஜியத்தில் உறைந்து நின்றால் எர்த்தோடு ஷார்ட், பேட்டரி வோல்ட்டில் நின்றால் மின்சாரத்தோடு ஷார்ட். பழைய ஃபோர்டுகளில் 2, 10 என்று இரண்டு பின்கள்.

நெட்வொர்க் முழுவதும் ஊமையாகக் கிடந்தால் சாவியையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு ஒரு மாட்யூலைக் கழற்றி, பேட்டரியை மீண்டும் இணைத்துப் பாருங்கள், இப்படியே ஒவ்வொன்றாக. பாடி மாட்யூலைக் கழற்றியதும் மற்றவை பேச ஆரம்பித்தால், அதற்குள்ளேயே ஷார்ட் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது. ஆனால் சில வண்டிகளில் பாடி மாட்யூலே இரண்டு நெட்வொர்க்குகளை இணைக்கும் பாலமாக இருக்கும். அங்கே அதைக் கழற்றினால் ஒரு பக்கம் தொடர்பு போவது இயல்பு, அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

மாட்யூலைக் கொன்றது எது?

மாட்யூல்தான் போய்விட்டது என்று உறுதியானால் அடுத்த கேள்வி இது. இதற்குப் பதில் தெரியாமல் புதியதை வாங்க வேண்டாம்.

தண்ணீர் முதல் சந்தேகம். பாடி மாட்யூல் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே ஓட்டுநர் கால் பக்கம் இருக்கும். முன் கண்ணாடியின் பசை விட்டுப்போனாலும், கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலில் இலைகள் அடைத்தாலும், ஒயரிங் உள்ளே நுழையும் ரப்பர் கிழிந்தாலும் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி கனெக்டருக்குள் போய் நிற்கும். 1997 முதல் 2003 வரையிலான ஃபோர்டு எஃப்-150 டிரக்குகளில் பாடி வேலைகளைக் கவனிக்கும் ஜெம் மாட்யூல், ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணாடி ஓரம் கசியும் தண்ணீர் நேராக அங்கே இறங்குவது அந்த வண்டிகளில் நன்கு அறியப்பட்ட கோளாறு.

கழற்றிய கனெக்டரை டார்ச் அடித்து அருகில் வைத்துப் பாருங்கள். செப்புப் பின்னின் அடியில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். சில நேரம் பின் பளபளவென்று இருந்து, ஒயரின் ரப்பர் உறைக்குள் மட்டும் பச்சை ஏறியிருக்கும். உறையை விரலால் வளைத்தால் நல்ல ஒயர் மெத்தென்று வளையும், களிம்பு ஏறியது மொரமொரவென்று நொறுங்கும் சத்தம் கேட்கும். அந்த ஒயரைப் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி, புதுத் துண்டு இணைக்க வேண்டும். ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் ஒரு மாதம் தாங்கும், அவ்வளவுதான்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒருவர் டார்ச்சோடு உள்ளே குனிந்திருக்க, இன்னொருவர் வெளியே மெதுவான தண்ணீரைக் கீழிருந்து மேலாகப் பிடிக்க வேண்டும், ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே நுழைந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது சந்தேகம், பிறகு வந்த கைவேலை. தனியாக வாங்கி மாட்டிய அலாரம், ரிமோட் ஸ்டார்ட், டிரெய்லர் ஒயரிங், கூடுதல் விளக்குகள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப்புகளால் இணைத்தவை எல்லாவற்றையும் தேடிப் பிரியுங்கள். மாட்யூலின் வெளியீடு ஒரு ரிலே சுருளை இயக்கத்தான் செய்யப்பட்டது. அதில் நேராக ஒரு விளக்கைக் கட்டினால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காது.

ரிலேக்களையும் விடாதீர்கள். 12 வோல்ட் ரிலே சுருள் பெரும்பாலும் 70 முதல் 100 ஓம் வரை காட்டும். ஐந்து, பத்து ஓம் காட்டினால் சுருளே ஷார்ட். வண்டியோடு வந்த ரிலேக்களில் சுருளுக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரோ டயோடோ இருக்கும். ரிலே விடும்போது சுருளில் எழும்பும் நூற்றுக்கணக்கான வோல்ட்டை அடக்குவது அதுதான். அது இல்லாத ரிலேயை, அளவு பொருந்துகிறது என்று யாராவது மாட்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் அந்த அடி மாட்யூல் மேல் விழும்.

கதவுக் கீல் பக்கத்து ரப்பர் குழாயையும் திறந்து பாருங்கள். வருடக் கணக்கில் மடிந்து விரிந்த ஒயர்கள் அங்கேதான் அறும், உரசும். ‘மாட்யூல் போச்சு’ என்று சொல்லப்பட்ட சென்ட்ரல் லாக், பவர் விண்டோ கோளாறுகளில் எத்தனையோ இந்த ஒரு சாண் ஒயரில் முடிந்திருக்கின்றன.

சரியான மாட்யூல்

பழையதன் மேல் உள்ள லேபிளைத் தெளிவாகப் படம் எடுங்கள். பாக எண்ணின் கடைசி எழுத்து வரை பொருந்த வேண்டும், அல்லது தயாரிப்பாளரே அதற்கு மாற்று என்று அறிவித்த எண்ணாக இருக்க வேண்டும். ஒரே வருட, ஒரே பெயர் வண்டியிலும் 4 சக்கர இயக்கம், பவர் விண்டோ, ரிமோட் லாக், தானியங்கி ஹெட்லைட் ஆகியவற்றைப் பொறுத்து மாட்யூல் மாறும். அந்தக் காலத்து ஜிஎம் டிரக்குகளில் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் வண்டியின் வசதிகள் மூன்றெழுத்துக் குறிகளாக இருக்கும். பின்னால் புரோகிராம் செய்யும்போதும் அது தேவைப்படும்.

புதிய மாட்யூல் வெறுமையாக வரும், அந்த வண்டிக்கென்று புரோகிராம் செய்ய வேண்டும். பழைய வண்டியிலிருந்து எடுத்தது வேறொரு வின் எண்ணையும் (வண்டியின் தனி அடையாள எண்) வேறு சாவிகளையும் சுமந்துகொண்டு வரும். சிலவற்றை மீண்டும் எழுதலாம், சிலவற்றில் முதல் வின் எண் பூட்டப்பட்டுவிடும். வாங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். மூன்றாவது வழி, பழைய மாட்யூலில் உள்ள எட்டுக் கால் நினைவுச் சிப்பைப் படித்து அந்தத் தகவலை அதே பாக எண் கொண்ட இன்னொன்றில் எழுதுவது. சரியாகச் செய்தால் சாவிப் பதிவே தேவைப்படாது. பழைய போர்டு எரியாமல், சிப் படிக்கும் நிலையில் இருந்தால்தான் இது நடக்கும். ஆகவே நனைந்த மாட்யூலுக்கு மின்சாரம் கொடுத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

சில வண்டிகளில் ஓடிய தூரத்தின் பதிவும் பாடி மாட்யூலில் இருக்கும். பழைய மாட்யூலை மாட்டினால் எண் மாறலாம். அது சட்டச் சிக்கல். மாற்றும் முன் தூரத்தைப் படம் எடுத்து வைத்து, உண்மையான எண்ணையே பதிவு செய்ய வைக்க வேண்டும்.

கழற்றுதல்

பழைய மாட்யூல் இன்னும் பேசுகிறது என்றால், கழற்றும் முன் அதன் அமைப்புத் தகவல் முழுவதையும் ஸ்கேனரில் சேமித்துவிடுங்கள். ஊமையாகிவிட்டால், ஃபோர்டு வண்டிகளுக்கு வின் எண்ணை வைத்துத் தொழிற்சாலை அமைப்புத் தகவலைத் தயாரிப்பாளரிடமிருந்தே எடுக்கலாம்.

தேவைப்படும் கருவிகள்: 7, 10 மில்லிமீட்டர் சாக்கெட்டுகள், பேட்டரிக்கு ஸ்பேனர், டார்க்ஸ் 15, 20, பிளாஸ்டிக் நெம்பு, மணிக்கட்டு எர்த் பட்டை, டார்ச், ஒட்டும் தாள்.

ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். சாவியை எடுத்து வண்டிக்கு வெளியே வையுங்கள். நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றி, மீண்டும் தொட்டுவிடாதபடி துணி சுற்றி ஒதுக்குங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை, அவற்றின் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய நேரம் வேண்டும். அவற்றைத் தேவையில்லாமல் கழற்ற வேண்டாம், மீட்டரையும் வைக்க வேண்டாம்.

முழங்கால் பக்கத்துப் பேனலை எடுத்தால் பானெட் திறக்கும் கம்பியும் பார்க்கிங் பிரேக் கைப்பிடியும் அதில் மாட்டியிருக்கலாம், இழுக்கும் முன் பாருங்கள். கனெக்டர்களைக் கழற்றும் முன்பே ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டிக் குறியுங்கள், ஒரே மாதிரி இரண்டு இருக்கும். லீவரோ நடு போல்ட்டோ இருந்தால் அதைத் தளர்த்திய பிறகு கனெக்டரின் உடலைப் பிடித்து நேராக இழுங்கள், ஒயரைப் பிடித்து ஒருபோதும் இழுக்க வேண்டாம். மாட்யூலைத் தொடும் முன் வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள்.

இப்போது ஒவ்வொரு பெண் பின்னிலும் அதே அளவு ஆண் பின்னைச் செருகி இழுத்துப் பாருங்கள். லேசான பிடிமானம் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பின்னை மாற்ற வேண்டும். நேரம் எடுக்கும் வேலைதான், ஆனால் ஆறு மாதம் கழித்து குண்டும் குழியுமான பாதையில் மட்டும் வரும் மாயக் கோளாறை இதுதான் தடுக்கும்.

மாட்டுதல்

கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசைதான், விளக்கத் தேவையில்லை. மூன்று விஷயம் மட்டும். கனெக்டர்கள் எல்லாம் பூட்டிய பிறகே பேட்டரி. பேட்டரி இணைந்திருக்கும்போது மாட்யூலைச் செருகினால் எர்த் பின்னுக்கு முன் மின்வரத்து பின் தொட்டு வேறு பாதையில் மின்சாரம் ஓடிவிடலாம். இரண்டாவது, ஒயரிங் கனெக்டருக்குள் நுழையும் முன் சற்றே கீழே தொங்கி மேலே ஏறும்படி வளைத்துக் கட்டுங்கள். மீண்டும் தண்ணீர் வந்தாலும் அந்தத் தாழ்வில் சொட்டிப் போகும். மூன்றாவது, பிளாஸ்டிக்கில் போகும் திருகுகளைக் கையால் மட்டும் இறுக்குங்கள்.

புது மாட்யூலை ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று இன்னொரு வண்டியில் மாட்டிச் சாவி போடாதீர்கள். முதல் சாவியிலேயே அந்த வண்டியின் வின் எண்ணைப் பிடித்துக்கொள்ளும் மாட்யூல்கள் உண்டு.

புரோகிராம், சாவி

தயாரிப்பாளரின் கருவி, அல்லது ஜே2534 இடைமுகமும் (வண்டியை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) லேப்டாப்பும் வேண்டும். இந்த நேரம் முழுவதும் வோல்ட் 13 அளவில் அசையாமல் நிற்க வேண்டும். அதற்கென்று உள்ள நிலையான மின்வழங்கியை மாட்டுங்கள். சாதாரண சார்ஜரின் அலையலையான மின்சாரம் தகவலைக் குழப்பிவிடும். ஹெட்லைட், ஃபேன், ரேடியோ அணைந்திருக்கட்டும், லேப்டாப் தன் சார்ஜரில் இருக்கட்டும். எழுதுவது பாதியில் நின்றால் புது மாட்யூல் அங்கேயே செத்துப்போகலாம்.

வரிசை: மென்பொருள், வின் எண், வசதிகள், பிறகு சாவியும் திருட்டுத் தடுப்பும், அதன் பின் டயர் அழுத்தம், ஜன்னல் போன்ற சில்லறைப் பதிவுகள், கடைசியில் கோடுகளை அழித்தல்.

திருட்டுத் தடுப்பில் ஒவ்வொரு தயாரிப்பும் ஒரு விதம். பாஸ்லாக் என்ற திருட்டுத் தடுப்பு உள்ள ஜிஎம் டிரக்கில், அமைப்பு முடிந்ததும் கருவி இல்லாமலே பதிவு செய்யலாம்:

1. சாவியை ஸ்டார்ட் வரை திருப்பி விடுங்கள். என்ஜின் ஓடாது, அல்லது ஓடி நின்றுவிடும். சாவி ஆன் நிலையிலேயே இருக்கட்டும்.
2. செக்யூரிட்டி விளக்கு அணையும் வரை, ஏறக்குறைய 10 நிமிடம், எதையும் தொடாமல் காத்திருங்கள்.
3. சாவியை ஆஃப் செய்து 10 வினாடி விடுங்கள்.
4. இதையே இன்னும் இரண்டு முறை, மொத்தம் மூன்று முறை செய்யுங்கள்.
5. கடைசியாக ஆஃப் செய்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.

அரை மணி நேரம் சாவி ஆன் நிலையில் இருப்பதால் பேட்டரிக்குத் துணை மின்சாரம் கட்டாயம். நடுவில் கதவைத் திறக்கப் போய்ச் சாவியைத் திருப்பிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபோர்டின் திருட்டுத் தடுப்பில், சாவிகளை அழித்துப் பதிவு செய்தால் குறைந்தது இரண்டு சிப் சாவிகள் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது. ஒரு சாவியோடு ஆரம்பித்துப் பாதியில் மாட்டிக்கொள்ள வேண்டாம். கிரைஸ்லர் வகை வண்டிகளில் சாவி மாட்யூலுக்கு நாலு இலக்க ரகசிய எண் கேட்கும். உரிமை ஆவணத்தைக் காட்டி அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கடைசிச் சோதனை

ஒவ்வொரு கதவையும் தனித்தனியாகத் திறந்து உள்விளக்கு, கதவு எச்சரிக்கை பாருங்கள். லாக், வைப்பரின் எல்லா வேகமும், ஹார்ன், ஹெட்லைட், இன்டிகேட்டர், 4 சக்கர இயக்கம், கூடவே சாவி எடுக்க மறந்தால் வரும் மணியோசை.

பிறகு உறங்கும் மின்சாரம், அதாவது நிறுத்திய வண்டி பேட்டரியிலிருந்து எடுப்பது. கதவுகளின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடித்து, கதவு மூடியதாக வண்டியை நம்ப வையுங்கள். 10 ஆம்பியர் நிலையில் மல்டிமீட்டரை நெகட்டிவ் டெர்மினலுக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். சாவியைப் போட வேண்டாம், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். மாட்யூல்கள் ஒவ்வொன்றாக உறங்கப் போகும்போது எண் படிப்படியாக இறங்கும். 30 முதல் 45 நிமிடத்தில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே வர வேண்டும். அரை ஆம்பியரிலேயே நின்றால், 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தே நாளில் காலி. அப்போது ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதை எடுத்ததும் எண் விழுகிறது என்று பாருங்கள்.

நல்ல மழையில் ஒரு முறை நனையவிட்டு, அடுத்த நாள் முழங்கால் பேனலைக் கழற்றி ஒயரிங்கைக் கையால் தடவிப் பாருங்கள். அது காய்ந்திருந்து, உறங்கும் மின்சாரமும் அதே அளவில் நின்றால் பேனலை நிரந்தரமாக மூடலாம். அதுவரை பழைய மாட்யூலைத் தூக்கிப் போடாமல், காய்ந்த பையில் போட்டு வண்டி எண்ணோடு வைத்திருங்கள். புதியதில் பதிவு ஏதாவது பிசகினால், அந்தச் சிப்பில் இருக்கும் தகவல் கைகொடுக்கும்.